காரணங்களை எழுதுக

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து நான்கு.

சீடர் எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் தளவாய். முப்பது வருடம் விசிலும் கையுமாக மைதானத்தில் நின்றவர். போன ஜூனில் வரலாற்று ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் வரலாற்றைத் தலைமையாசிரியர் தளவாய் சாரின் தலையில் கட்டிவிட்டார்.

குரு செண்பகா டீச்சர். 'ஏ' பிரிவுக்கு வரலாறு எடுப்பவர்.

தளவாய் சார் முதல் நாளே அவர் மேசை முன்னால் போய் நின்றார். "டீச்சர், எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்."

எங்கள் ஆசிரியர் அறையில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் கணக்கு வாத்தியார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வந்தபாடில்லை.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் இருவருக்கும் இடையே பாடம் நடந்தது. செண்பகா டீச்சர் நேராகப் பதில் சொல்லும் ரகம் இல்லை. பிரெஞ்சுப் புரட்சி நடத்தும்போது, இத்தனை வருடங்களை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும் என்று சீடர் கேட்டார். டீச்சர் அவருடைய ஸ்டாப் வாட்ச்சை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இப்பப் போய் நூறு மீட்டருக்கு ஆள் எடுங்க சார்" என்றார்.

மறுநாள் சீடர் வருடங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

தளவாய் சாரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய இடது கை முழங்கைக்குக் கீழே நேராக நீளாது. உடற்பயிற்சி வகுப்பில் 'கைகளை உயர்த்து' என்று விசில் அடிப்பார். வலது கை விறைப்பாக மேலே போகும். இடது கை பாதியில் மடங்கி நிற்கும். புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், பயிற்சியே அப்படித்தான் போல என்று நினைத்து இடது கையை மடக்கிக்கொண்டு நிற்கும். அவர் சிரித்துக்கொண்டே போய் ஒவ்வொரு கையாக நீட்டிவிடுவார்.

அந்தக் கை எப்படி மடங்கியது என்று ஊருக்கே தெரியும். யாரும் அவரிடம் கேட்டதில்லை.

ஒரு நாள் மதியம் விடைத்தாள் கட்டோடு உள்ளே வந்தார். முகமெல்லாம் பல்.

"டீச்சர், நம்ம பிள்ளைங்க கலக்கிட்டாங்க. முப்பத்தொம்பது பேருல முப்பத்தெட்டு பேரு அஞ்சுக்கு அஞ்சு."

"எந்தக் கேள்விக்கு?"

கேள்வித்தாளைக் காட்டினார். சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு பள்ளிகளுக்கும் பொதுவான இடைத்தேர்வு. ஜெர்மனி பாடம். 'யூத வெறுப்புக்கான காரணங்களை எழுதுக. (5)'

"பிள்ளைங்களுக்கு இந்த விடை எப்படித் தெரியும் சார்?"

"நான்தான் எழுதிப் போட்டேன். முகாம்ல வச்சுக் கொன்னதைச் சொல்லிட்டு இருந்தேன். நம்ம முப்பிடாதி இருக்காள்லா, அவ எந்திரிச்சு 'சார், அவங்க என்ன தப்பு செஞ்சாங்க'ன்னு கேட்டா. எனக்குத் தெரியல. கைடைப் பாத்தேன். அஞ்சு பாயிண்ட்டு போட்டிருந்தான். அப்படியே போர்டுல எழுதிட்டேன்."

செண்பகா டீச்சர் மேலே இருந்த தாளை எடுத்து வாசித்தார். சத்தமாகத்தான் வாசித்தார்.

"யூதர்கள் பேராசைக்காரர்கள். நாட்டின் செல்வத்தை எல்லாம் வளைத்துக்கொண்டனர். தாய்நாட்டுக்குத் துரோகம் செய்தனர். யாரோடும் சேர்ந்து வாழவில்லை. போரில் தோற்றதற்கு அவர்களே காரணம்."

அடுத்த தாளை எடுத்தார். அதற்கடுத்த தாளையும் எடுத்தார். கையெழுத்துதான் மாறியது. ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் ஸ்கேல் வைத்து பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது ஒன்றும் உறுத்தவில்லை. நான் படித்த காலத்திலும் ஏறக்குறைய இந்த ஐந்துதான். நானும் முழு மதிப்பெண் வாங்கியவன்தான்.

"மீதி ஒரு ஆள் யாரு?" என்று டீச்சர் கேட்டார்.

"அந்த முப்பிடாதியேதான். கேள்வி கேட்டவளே கோட்டை விட்டுட்டா. முட்டை."

அவள் தாளில் ஒரே ஒரு வரி இருந்தது. 'காரணம் தெரியவில்லை.' பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய பூஜ்யம்.

செண்பகா டீச்சர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தார். விடுப்பில் போனவர்களின் வகுப்பை யார் எடுப்பது என்று எழுதும் சின்னக் கரும்பலகை எங்கள் அறையில் உண்டு. அதைத் துடைத்துவிட்டு எழுதினார்.

'தளவாய் அவர்களின் கை முறிக்கப்பட்டதற்கான காரணங்களை எழுதுக. (5)'

சாக்பீஸை அவரிடம் நீட்டினார்.

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எனக்குக் கோபம் வந்தது. மகள் வயதுப் பெண், இத்தனை பேர் முன்னால் ஒரு மனிதரை இப்படி நிறுத்தலாமா என்று. ஆனால் வாயைத் திறக்கவில்லை, அதுதான் என் வழக்கம்.

தளவாய் சார் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்பீஸை வாங்கினார். மெதுவாக எழுத ஆரம்பித்தார்.

'1. எங்கள் தெருவில் சைக்கிளில் ஏறிப் போனான்.
2. தெருமுனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவில்லை.
3. காலில் ஷூ போட்டிருந்தான்.
4. கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.'

நின்றுவிட்டார்.

"அஞ்சாவது?" என்றார் டீச்சர்.

"டீச்சர்…"

"அஞ்சு மார்க் கேள்வி சார்."

'5. திமிர் பிடித்தவன்.'

செண்பகா டீச்சர் அவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி ஐந்துக்கும் டிக் போட்டார். கீழே 5/5 என்று எழுதி வட்டமும் போட்டார்.

"முழு மார்க் சார்."

தளவாய் சாரின் வலது கை தானாகவே இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

"பத்தொம்பது வயசு டீச்சர்" என்றார். "ஆத்துக்கு அக்கரையில மாவட்ட வாலிபால் செலக்‌ஷன். நேரமாயிட்டு. எங்க ஆளுக அந்தத் தெருவுல இறங்கித்தான் போகணும். எனக்குத் தெரியும். ஆனாலும் இறங்கல." பலகையைக் காட்டினார். "இந்த அஞ்சும் அடிச்சவங்க ஸ்டேஷன்ல சொன்னது. எழுத்தெழுத்தா எனக்கு மனப்பாடம். இன்னைக்கு என் கையாலயே எழுதிட்டேன்."

"காரணத்தை எழுதுன்னு சொன்னா கை எழுதிரும் சார்."

"அப்போ சரியான விடை என்ன?"

டீச்சர் முப்பிடாதியின் விடைத்தாளை அவர் முன்னால் வைத்தார்.

அவர் அந்த ஒரு வரியை வாசித்தார். தான் போட்ட பூஜ்யத்தையும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணு சொல்லிருதேன்" என்றார் டீச்சர். "ரெண்டையும் ஒண்ணுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிராதீங்க. உங்க ஒரு கையும் அறுபது லட்சம் உயிரும் ஒண்ணு இல்ல. நீங்க சைக்கிள்ல போனதாவது நிஜம். அந்த மக்கள் செய்யவே செய்யாததை எல்லாம் செஞ்சதா எழுதி வச்சாங்க."

"யாரு எழுதினா?"

"ஒரு கதை சொல்லட்டுமா?"

அவர் தலையாட்டினார்.

"அந்த நாட்டுல ஒரு வகுப்பு. வாத்தியார் போர்டுல இந்த மாதிரிதான் நம்பர் போட்டு எழுதினார். பிள்ளைங்க நோட்டுல எழுதிச்சு. கடைசி பெஞ்சுல யூதப் பிள்ளை ஒண்ணு. அதுவும் அதையே காப்பி பண்ணிச்சு. அப்புறம் ஒரு நாள் உனக்கு இங்க இடம் இல்லைன்னு அதை வெளிய அனுப்பினாங்க. அப்புறம் வீட்டை விட்டு அனுப்பினாங்க. அப்புறம் ரயில்ல ஏத்தினாங்க. அந்த மாதிரி எத்தனையோ வகுப்பு."

"அந்த வாத்தியாரு?"

"அடுத்த பாடம் எடுத்தாரு."

தளவாய் சார் எழுந்து பலகையிடம் போனார். துடைப்பார் என்று நினைத்தேன். அந்த 5/5-ஐ மட்டும் உள்ளங்கையால் அழித்தார். மற்றதை அப்படியே விட்டுவிட்டார்.

பிறகு விடைத்தாள் கட்டை எடுத்துப் பிரித்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். "முப்பத்தெட்டு பேருக்கும் முட்டை போடுதேன்" என்றார்.

"பிள்ளைங்க என்ன தப்பு செஞ்சாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

பேனா அந்தரத்தில் நின்றது.

இந்த இடத்தில்தான் என் வாய் என்னை மீறிப் பேசிவிட்டது. கணக்குத் தேர்வில் இது அடிக்கடி நடப்பது. ஏதாவது ஒரு எண்ணைத் தப்பாக அச்சடித்துவிடுவார்கள், யார் போட்டாலும் விடை வராது.

"கேள்வியே தப்புன்னா, முயற்சி பண்ணுன எல்லாருக்கும் முழு மார்க் சார். அதுதான் வழக்கம்" என்றேன்.

சொன்ன மறு நிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பன்னிரண்டு பள்ளிகளுக்கும் வருடா வருடம் சமூக அறிவியல் வினாத்தாள் தயாரிப்பவர் எங்கள் தலைமையாசிரியர் வைகுண்டம் சார்.

தளவாய் சாருக்கும் அது தெரியும். முப்பத்தொன்பது தாளிலும் அந்தக் கேள்விக்கு நேரே ஒரே மாதிரி எழுதினார். 'கேள்வி தவறு. முழு மதிப்பெண்.' ஒவ்வொன்றிலும் முழுக் கையெழுத்து. முப்பிடாதியின் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஐந்து போட்டார். அவளும் முயற்சி செய்தவள்தானே.

மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் வைகுண்டம் சார் அந்தக் கட்டோடு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"என்ன தளவாய் இது?"

"கேள்வி தப்பு சார்."

"ஆறு வருஷமா நான் கேக்குத கேள்வி. இன்னைக்கு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு வார்த்தை வந்தது கிடையாது. இப்ப என் ஸ்கூல் பி.டி. வாத்தியாரு எனக்கு வரலாறு சொல்லித் தாராரு."

"ஆறு வருஷமும் தப்பு சார்."

யாரோ பின்னால் இருமினார்கள். நான் ஒரு கணக்கு நோட்டைத் திருத்துவதுபோலக் குனிந்துகொண்டேன். நோட்டு தலைகீழாக இருந்தது.

வைகுண்டம் சார் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் பாஸாக வேண்டும், பள்ளிக்குப் பெயர் வர வேண்டும் என்று பாடுபடுகிறவர். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "ஏன் இந்த வம்பு? நம்ம ஊருல யூதன் எவன் இருக்கான்? யாருக்கு மனசு கஷ்டப்படப் போகுது?"

செண்பகா டீச்சர் தன் இடத்திலிருந்தே சொன்னார். "ஒரு ஆள்கூட இல்லாத ஊருலயே முப்பத்தெட்டு பேரு முழு மார்க் வாங்கிட்டாங்க சார்."

"நான் உங்ககிட்ட கேக்கல டீச்சர்." தளவாய் சார் பக்கம் திரும்பினார். "விடைக்குறிப்புப்படி மார்க்கை மாத்திப் போடுங்க. இந்த வரியை எல்லாம் அடிச்சிருங்க. இல்லன்னா இன்னையோட உங்களுக்கு வகுப்பு கிடையாது, மெமோவும் வரும். ரிட்டையர்மெண்டுக்கு நாலு வருஷம்கூட இல்ல. சர்வீஸ் புத்தகத்துல அது நிக்கும், பாத்துக்கிடுங்க."

"மெமோ குடுங்க சார். வாங்கிக்கிடுதேன். மார்க்கை மாத்த மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இன்னைக்கு மூணாவது பீரியட் எனக்கு ஒன்பது பி. அது என்னோடதுதானே?"

வைகுண்டம் சார் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்தார். அவர் எதை மீறினாலும் கால அட்டவணையை மீறமாட்டார்.

"மூணாவது பீரியடோட சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதமாகத் தப்பாகச் சொல்லிக் கொடுத்ததைச் சரிசெய்ய அவருக்குக் கிடைத்தது நாற்பத்தைந்து நிமிடம்.

நாலாவது பீரியட் அந்த வகுப்பில் எனக்கு. அன்று நான் முன்னதாகவே போய் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். தளவாய் சார் கழுத்தில் விசில் இல்லை. அது இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. சட்டை ஏதோ காலியாகத் தெரிந்தது.

"எல்லாரும் வரலாறு நோட்டை எடுங்க. நான் எழுதிப் போட்ட அஞ்சு பாயிண்ட்டு இருக்கா?"

"இருக்கு சார்."

"அஞ்சும் பொய். எழுதிப் போட்டது நான். தப்பு என்னோடது. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கேன்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியார் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முதல் பெஞ்சில் ஒருத்தி கை தூக்கினாள்.

"ரப்பரால அழிச்சிரவா சார்?"

"அழிக்காத. குறுக்க ஒரு கோடு போடு. பக்கத்துல 'கொன்னவங்க சொன்னது'ன்னு எழுது."

"ஸ்கேல் வச்சுக் கோடு போடணுமா சார்?"

"ஸ்கேல் வேண்டாம்."

முப்பத்தொன்பது பேனாக்கள் கோடு போட்ட சத்தம் எனக்கு வெளியே வரைக்கும் கேட்டது.

அதன் பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். கைடு இல்லை, குறிப்பு இல்லை. முதலில் யூதர்களை அரசாங்க வேலையிலிருந்து எடுத்தார்கள். அவர்கள் கடைக்குப் போகாதே என்று வாசலில் ஆள் நிறுத்தினார்கள். பிறகு யார் யாரைக் கல்யாணம் செய்யக் கூடாது என்று சட்டம். பிறகு கடையை உடைத்தார்கள், கோயிலை எரித்தார்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து துரத்தினார்கள். சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்கச் சொன்னார்கள். பிறகு ரயில். குழி வெட்டிச் சுட்டார்கள். விஷவாயு அறையில் அடைத்துக் கொன்றார்கள். அறுபது லட்சம் பேர். அதில் பதினைந்து லட்சம் குழந்தைகள். நாடோடி மக்களையும் ஊனமுற்றவர்களையும்கூட விடவில்லை.

நடுவில் இரண்டு முறை நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். பக்கத்து வகுப்பில் செண்பகா டீச்சரின் குரல் நின்றிருந்தது. அங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும். வைகுண்டம் சார் வராந்தாவில் வந்தார். கையில் மெமோ. என்னைக் கடந்து வாசலில் போய் நின்றார்.

அந்த நேரம் பார்த்து முப்பிடாதி எழுந்தாள்.

"சார், அஞ்சும் பொய்யின்னா, அப்போ அவங்க என்னதான் செஞ்சாங்க?"

தளவாய் சார் அவளைப் பார்த்தார். வாசலில் நின்றவரையும் பார்த்தார். நேராக வாசலுக்கு வந்து கை நீட்டினார். மெமோவை வாங்கிப் படித்துப் பார்த்தார். 'மேற்படிச் செயலுக்கான காரணங்களை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்' என்று கடைசி வரி எனக்கே தெரிந்தது. மடிக்காமல் மேசையில் வைத்து அதன்மேல் டஸ்டரை வைத்தார்.

"நல்ல கேள்வி தாயி. அன்னைக்கே நல்ல கேள்விதான். நான்தான் பதில் தெரியாம உளறிட்டேன்" என்றார்.

வைகுண்டம் சார் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"கடை வச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரியில வைத்தியம் பாத்தாங்க. சிலபேரு என்னைய மாதிரி வாத்தியாரா இருந்தாங்க. உன்னைய மாதிரி பையைத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனாங்க."

இடது கையைத் தூக்கினார். அது பாதியில் மடங்கி நின்றது. முப்பத்தொன்பது பிள்ளைகளும் அந்தக் கையைப் பார்த்தார்கள். வாசலில் நின்றவரும் பார்த்தார்.

"சைக்கிள்ல போனாங்க" என்றார்.